தோத்தாராப் பாலத்துச் சாணிப் போட்டி

மைதானத்தைச் சுண்ணாம்புக் கோடுகளால் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களை ஊராருக்கு விற்று, நடுவில் ஒரு மாட்டை அவிழ்த்துவிடுவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். மாடு எந்தக் கட்டத்தில் சாணி போடுகிறதோ அந்தக் கட்டத்துக்காரருக்குப் பரிசு. மிச்சமெல்லாம் தீயணைப்பு வண்டிக்கோ பள்ளிக்கூடக் கூரைக்கோ போகும். நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் மழைக்கும் காற்றுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிற எங்கள் தோத்தாராப் பாலத்தில் இதைவிடப் பெரிய கேளிக்கை கிடையாது.

இந்த வருஷம் மாட்டுக்குப் பதிலாகக் குதிரையை விட்டோம். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. அது என் யோசனை என்று நைரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நம்பாதீர்கள். "குதிரைப் பள்ளிக்கூடத்தைக் காப்பாத்த மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினா நல்லாவா இருக்கும்க்கா?" என்று கேட்டது அவள்தான். நான் ஆமாம் போட்டேன். என் பங்கு அவ்வளவுதான்.

எங்கள் குதிரையேற்றப் பள்ளியை நடத்துகிறவள் நைரி. பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, வேலி போட்ட புல்வெளி, வயதான சில குதிரைகள், என்னைப் போல் சம்பளமில்லாமல் வந்து சாணி அள்ளுகிற நாலைந்து பேர். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம் ஏற்றும்வரை இங்கேதான் கிடப்பேன். குதிரை ஏற வருகிறவர்களில் பாதிப் பேர் கால் வராதவர்கள், பேச்சு வராதவர்கள். காசு இருக்கிறவர்கள் கொடுப்பார்கள். இல்லாதவர்கள் வைக்கோல் கொண்டுவருவார்கள், அதுவும் இல்லாவிட்டால் வேலிக்கு ஆணி அடிப்பார்கள்.

பள்ளி இருக்கிற நிலம் கேலம் என்பவனின் அப்பாவுடையது. கிழவர் கிறிஸ்துமஸுக்கு ஒரு புட்டி விஸ்கி வாங்கிக்கொண்டு வேறெதுவும் கேட்காமல் இருந்தார். போன வருஷம் போய்ச் சேர்ந்தார். பக்கத்துப் பால்பண்ணைக்காரர்கள் கேலமிடம் நல்ல விலை பேசினார்கள். கேலம் கெட்டவன் இல்லை, கூச்ச சுபாவம். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே வந்து நின்றான். "மார்ச் கடைசிக்குள்ள அட்வான்ஸ் கட்டிருங்க. கட்டிட்டா ரெண்டு வருஷத்துக்கு வேற யாருக்கும் விக்க மாட்டேன், மிச்ச விலையை அதுக்குள்ள குடுத்தா நிலம் உங்களுக்குத்தான். இல்லேன்னா என்னால தாக்குப்பிடிக்க முடியாதுக்கா" என்றான்.

குளிர்காலம் முழுக்க ரொட்டியில் சீஸும் வெங்காயமும் கலந்து தடவிச் சுருட்டிச் சுருட்டி விற்றோம். எங்கள் பக்கத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் சீஸ் ரோல்தான். என் விரல்களில் வெங்காய வாடை இன்னும் போகவில்லை. அப்படியும் துண்டு விழுந்தது. அதை அடைக்கத்தான் சாணிப் போட்டி. தோற்றால் குதிரைகளை விற்றுவிட வேண்டியதுதான். இளசுகளை யாராவது வாங்குவார்கள். ஜட்ஜை எவன் வாங்குவான்?

ஜட்ஜ் என்பது எங்கள் கிழட்டுக் குதிரையின் பெயர். நீண்ட முகம், தூங்குகிற கண், யார் என்ன சொன்னாலும் யோசித்துவிட்டுத்தான் அசையும். ஆனால் அதன் முதுகில் ஒரு குழந்தையை நம்பி உட்கார வைக்கலாம். நைரி அதற்கு ஒரு பழக்கம் பண்ணி வைத்திருந்தாள். சேணம் கட்டிவிட்டால், ஏறுவதற்கென்று கட்டியிருக்கிற மரச் சாய்தளத்தின் பக்கத்தில் போய் அது நிற்கும். ஆள் ஏறி, மேலே இருந்து வாய் திறந்து "நட" என்று சொன்னால்தான் நகரும். பிடித்து இழுத்தாலும் வராது. பேச்சே வராத பிள்ளைகள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மாசக்கணக்கில் முக்கியிருக்கிறார்கள். ஒருநாள் வார்த்தை வரும், குதிரை நகரும், கொட்டகையில் எல்லாரும் மூக்கைச் சிந்துவோம்.

என் அண்ணன் மெர்வ் மட்டும் இதற்கு விதிவிலக்கு. விதிவிலக்கு ஆக்கியவள் நான்.

மெர்வ் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறவன். இந்த வட்டாரத்தில் அவன் வேகத்துக்கு ஆள் கிடையாது. ஊர் ரக்பி அணிக்கு வருஷக்கணக்கில் தலைவன். பேச ஆரம்பித்தால் மதுக்கடையையே சிரிக்க வைப்பான். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை: சனியன். திட்டுகிற வார்த்தைகள் மூளையில் வேறு இடத்தில் இருக்குமாம், டாக்டர் சொன்னார். பசித்தால் சனியன். காபி நன்றாக இருந்தால் சனியன். அம்மாவின் கல்லறையில் பூ வைத்துவிட்டு நின்றபோதும் அதையேதான் சொன்னான், கண்ணில் தண்ணீரோடு.

என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அவனுக்குப் பதிலாக நான் பேசினேன். கடையில், ஆஸ்பத்திரியில், வீட்டுக்கு வருகிறவர்களிடம். "அண்ணனுக்கு உப்பு கம்மியா", "அண்ணனுக்குக் களைப்பா இருக்கு, அப்புறம் வாங்க." பழைய சிநேகிதர்கள் முதலில் வந்தார்கள். கசாப்புக் கடை லெஸ், கூட ரக்பி ஆடியவன், அவன்கூட வந்தான். மெர்வ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். பிறகு யாரும் வரவில்லை.

நைரிதான் அவனைக் குதிரையில் ஏற்றச் சொன்னாள். யாரும் இல்லாத புதன்கிழமைக் காலையில் மட்டும், யாருக்கும் தெரியாமல் கூட்டிப்போவேன். குழந்தைகள் ஏறுகிற குதிரையில் தான் உட்கார்ந்திருப்பதை ஊர் பார்க்கக் கூடாது என்பது அவன் பிடிவாதம். ஆனால் ஏறி உட்கார்ந்ததும் முதுகு நிமிரும். தரையில் இழுத்து இழுத்து நடக்கிறவன் மேலே போனதும் பழைய மெர்வ் ஆகிவிடுவான். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் அவன் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டிருந்தான். பள்ளியை மூடினால் அவனுக்கு அதுவும் போகும்.

"நட" மட்டும் அவனுக்கு வரவே இல்லை. நைரி பொறுமையாகக் காத்திருக்கச் சொல்வாள். எனக்குப் பொறுமை ஏது? அவன் ஏறுகிற சிரமத்தில் சனியன் என்று முனகிக்கொண்டு உட்கார்வான், அடுத்த நொடி நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கன்னத்துக்குள் "ட்ச்சு" என்று ஒரு ஒலி கொடுப்பேன். ஜட்ஜ் நகரும். நைரிக்குத் தெரியாது. அண்ணன் அவமானப்படாமல் இருந்தால் சரி என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

போட்டிக்கு வருவோம். சீட்டின் பின்பக்கம் இரண்டு விதிகள் அச்சடித்திருந்தோம். குதிரை உள்ளே இறங்கிய பிறகு சீட்டு வாங்கிய எவரும் அதைத் தொடவோ கூப்பிடவோ கூடாது. நாலு மணிக்குள் சாணி விழாவிட்டால் எல்லாருக்கும் பணம் வாபஸ். முதல் விதிக்குக் காரணம் பெரில். சில வருஷங்களுக்கு முன் தீயணைப்பு வண்டிக்காக நடந்த போட்டியில், அவள் தன் கட்டத்துக்கு நேராக வேலியோரம் வெல்லப்பாகு வாளியோடு நின்று மாட்டுக்குக் காட்டினாள். அந்தச் சண்டையில் இரண்டு குடும்பங்கள் இன்னும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. இரண்டாவது விதி, பணம் போட்டவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று நைரி சேர்த்தது.

ஊரே சீட்டு வாங்கியது. பால் குடிக்கிற குழந்தை பெயரிலெல்லாம் வாங்கினார்கள். மெர்விடம் ஒன்றை நீட்டினேன். "சனியன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சரி போ என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அதிசயமாக மழை இல்லை. சாசேஜ் வாசனை, குழந்தைகள் கூச்சல், பள்ளிப் புல்வெளி நிறைய வெள்ளைக் கோடு. மெர்வை நாளெல்லாம் வீட்டில் தனியாக விட முடியாததால் கூட்டி வந்திருந்தேன். கொட்டகைக்குப் பின்னால் என் வண்டிக்குள்ளேயே, கண்ணாடியை ஏற்றிவிட்டு, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

பத்திரிகையிலிருந்து ஒரு பெண் படம் எடுக்க வந்தாள். சும்மா நிற்கிற குதிரையைவிடச் சேணத்தோடு நின்றால் அழகாக இருக்குமே என்றாள். நாங்களும் ஓடி ஓடிச் சேணம் கட்டினோம், பித்தளையைத் துடைத்தோம், பிடரியைச் சீவினோம். அவள் படம் எடுத்துக்கொண்டு போனதும், அதே மிடுக்கோடு உள்ளே விட்டு, மணியும் அடித்து, வேலிக் கதவைச் சாத்தினோம். குதிரையோடு வருஷக்கணக்கில் புழங்குகிற எங்கள் ஒருவர் மண்டையிலும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

ஜட்ஜ் சுற்றிலும் ஒருமுறை பார்த்தது. நேராக நடந்து போய் வேலியோரத்துச் சாய்தளத்தின் பக்கத்தில் நின்றது. நின்றது நின்றதுதான்.

"ஐயையோ, சேணம்!" என்று நைரி தலையில் கை வைத்தாள். "வகுப்புன்னு நெனச்சிருச்சுக்கா. ஆள் ஏறாம அசையாது."

"போய் அவுத்துட்டு வா."

"எப்படிப் போறது? நானும்தானே சீட்டு வாங்கியிருக்கேன்? தொட்டா பெரிலே மொதல்ல கத்துவா."

முதலில் எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது. "ஜட்ஜ் ஐயா, தீர்ப்பை ஒத்திவெக்காதீங்க!" என்று லெஸ் கத்தினான். "மேல்கோர்ட்டுக்குப் போயிருவோம்!" என்றது ஒரு குரல். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு குறைந்தது. சாசேஜ் தீர்ந்தது. குழந்தைகள் அழ ஆரம்பித்தார்கள். வானம் கறுத்தது. யாரும் பார்க்காதபோது நான் வேலியோரம் நின்று கன்னத்துக்குள் "ட்ச்சு" கொடுத்துப் பார்த்தேன். வெட்கத்தை விட்டு நாலைந்து தடவை கொடுத்தேன். ஜட்ஜ் ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பிவிட்டு மறுபடி தூங்கியது.

மணி மூன்றரை. கேலம் தொப்பியைத் திருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். "என்னக்கா இது" என்று மட்டும் சொன்னான். அவனுக்கும் வருத்தம்தான். சிலர் இப்போதே சீட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு மேஜைப் பக்கம் நகர்ந்தார்கள்.

நைரி ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள். "சீட்டு வாங்காத யாராவது ஒருத்தர் இருக்கீங்களா? ஒரே ஒருத்தர் இருந்தா போதும். ஏறி உக்காந்து ரெண்டு சுத்து சுத்தினா குதிரை தன் வேலையைப் பாத்துக்கும். எல்லாருக்கும் சம்மதம்தானே?"

"சம்மதம்!" என்று கூட்டம் கத்தியது. ஆனால் ஒரு கையும் உயரவில்லை. ஊரில் சீட்டு வாங்காத ஆளே இல்லை. அந்த அளவுக்கு நன்றாக விற்றிருந்தோம்.

எனக்கு அப்போதுதான் வண்டிக்குள் இருந்த மெர்வ் நினைவுக்கு வந்தான். நைரியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் நைரி. ஊர் முன்னாடியா? செத்துருவான்."

"நீங்க சொல்ல வேண்டாம்க்கா. நான் அவர்கிட்டயே கேக்குறேன்."

அவள் வண்டிக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். கண்ணாடியைத் தட்டி, குனிந்து, அவனிடம் நேராகப் பேசினாள். "மெர்வ் அண்ணே, சீட்டு வாங்காத ஆளு நீங்க ஒருத்தர்தான். ஜட்ஜ் நகர மாட்டேங்குது. நாலு மணியாச்சுன்னா எல்லாம் போச்சு. முடியாதுன்னா நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"அண்ணனால முடியாதும்மா, அவனுக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

மெர்வ் என்னைப் பார்த்தான். கோபமான பார்வை அல்ல, களைத்த பார்வை. பிறகு இடது கையால் கதவைத் திறந்தான்.

கொட்டகையைச் சுற்றி அவன் காலை இழுத்து இழுத்து வந்தபோது கூட்டம் ஓய்ந்தது. ஒரு வருஷமாக அவனை யாரும் பார்க்கவில்லை. லெஸ் கையில் பாதி ரொட்டியோடு அப்படியே நின்றான். எனக்கு அந்த நிமிஷம் எல்லாரையும் அடித்து விரட்ட வேண்டும் போலிருந்தது. சாய்தளம் கோட்டுக்கு வெளியே இருந்ததால் அதுவரை நான் கூடப் போகலாம். தலைக்கவசம் மாட்டிவிட்டேன். வழக்கமாக வலது காலைத் தூக்கிப் போடுவது நான். குனிந்தேன். கையைத் தட்டிவிட்டான். தன் இடது கையால் வலது காலைப் பிடித்துத் தூக்கினான். விழுந்தது. மறுபடி தூக்கினான், மறுபடி விழுந்தது. வேலியோரம் யாரோ ஒரு பெண் "அய்யோ" என்றாள். மூன்றாவது தடவை கால் அந்தப் பக்கம் போனது. சேணத்தில் சரிந்து உட்கார்ந்து, நிமிர்ந்தான்.

ஜட்ஜ் காதை நிமிர்த்திக் காத்திருந்தது. ஊரும் காத்திருந்தது. காற்றில் கொட்டகைத் தகரம் அடித்துக்கொண்டது. என் நாக்கு தன்னால் கன்னத்துக்குப் போனது. நைரி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சத்தம் குடுக்காதீங்க. நீங்க சீட்டு வாங்கியிருக்கீங்க."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்தே இருந்திருக்கிறாள்.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவனுக்கு "நட" வராது, நான் சத்தம் கொடுக்க முடியாது, என் அண்ணன் ஊர் நடுவே பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கப் போகிறான். மெர்வ் கூட்டத்தைப் பார்த்தான். லெஸைப் பார்த்தான். கடிவாளத்தை இடது கையில் சேர்த்துப் பிடித்தான்.

"சனியன்" என்றான்.

ஜட்ஜ் நடந்தது.

ஒரு யோசனை இல்லை, தயக்கம் இல்லை, உத்தரவு கேட்ட குதிரை எப்படி நடக்குமோ அப்படி நடந்தது. கூட்டம் ஒரு கணம் வாய் பிளந்தது. பிறகு லெஸ் தொண்டை கிழியக் கத்தினான். "அடேய் மெர்வு! பேச்சு மாறவே இல்லையேடா உனக்கு!" சிரிப்பு வேலியைச் சுற்றிப் பரவியது. ஒரு வருஷத்துக்கு முன்னால் மதுக்கடையில் மெர்வ் கிளப்புவானே, அந்தச் சிரிப்பு. மெர்வின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிக்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

நான் சாய்தளத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புதன்தோறும் ஜட்ஜ் நகர்ந்தது என் "ட்ச்சு"வுக்கு அல்ல. அதற்கு முந்தின நொடி அவன் முனகியதற்கு. மேலே இருந்து வருகிற வார்த்தைக்குத்தான் நகர வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். எந்த வார்த்தை என்று அது பார்க்கவில்லை. அவன் பேச்சைக் குதிரை புரிந்துகொண்டிருக்கிறது. கூடவே இருந்த நான்தான் கேட்காமல் இருந்திருக்கிறேன். பெருமையாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது.

பழகிய குதிரை என்பதால் வேலியோரமாகவே சுற்றியது. ஓரக் கட்டக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள், நடுக் கட்டக்காரர்கள் அநியாயம் என்றார்கள். இரண்டாவது சுற்றில் வாயில் பக்கம் திரும்பும்போது ஜட்ஜ் வாலைத் தூக்கியது. இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததற்கு ஏற்றபடி தாராளமாகவே போட்டது. நைரி ஓடிப்போய்க் குனிந்து எண்ணைப் பார்த்தாள். நிமிரும்போது அவள் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும்.

"பெரில்" என்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணலை!" என்று பெரில் அலறினாள். "சத்தியமா இந்தத் தடவை நான் ஒண்ணும் பண்ணலை!" யாரும் நம்புவதாக இல்லை. பரிசை அவள் அங்கேயே பள்ளிக்குத் திருப்பிக் கொடுத்தாள். அப்போதும் நம்பவில்லை.

கேலம் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நைரியிடம் கையை நீட்டினான். "ரெண்டு வருஷம். அப்பா விஸ்கி வாங்கின மாதிரி, எனக்கு வருஷத்துக்கு ரெண்டு டஜன் சீஸ் ரோல் குடுத்துருங்க." நைரி அவன் கையைக் குலுக்கிய குலுக்கில் தொப்பி கீழே விழுந்தது. மிச்ச விலைக்கு என்ன செய்வோம் என்று தெரியவில்லை. ஆனால் ஜட்ஜ் லாரி ஏறாது. அடுத்த புதன்கிழமை உண்டு.

மழை தூற ஆரம்பித்தது. ஜனங்கள் வண்டிகளைப் பார்த்து ஓடினார்கள். ஜட்ஜ் சாய்தளத்துக்குத் திரும்பி வந்து நின்றது. மெர்வின் தோள் நனைந்திருந்தது. முகம் வெளிறியிருந்தது. களைத்துவிட்டான், குளிரும், இறக்கிவிடலாம் என்று நானே முடிவு செய்து கயிற்றுக்குக் கையை நீட்டினேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"அண்ணே, எறங்குறியா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவ்வளவு நேரம் நான் சும்மா நின்றதே இல்லை.

மெர்வ் என்னைப் பார்த்தான். வேலியோரம் நனைந்துகொண்டு அவனுக்காகக் காத்திருந்த லெஸைப் பார்த்தான். பிறகு முன்னால் பார்த்து, நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சனியன்" என்றான், குதிரையிடம்.

இரண்டும் இன்னொரு சுற்றுக்குக் கிளம்பின.